ஒரு மில்லிவாட்டும் உப்புக்காற்றும்

படூரில் எங்கள் வேலைக்கு முதல் எதிரி காற்றுதான். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் கோவளம் கடற்கரை, தெற்கே கேளம்பாக்கத்து உப்பளங்கள். சென்னையின் ஓ.எம்.ஆரில் எத்தனை கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பினாலும், மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறும்போது உப்பும் சேர்ந்துதான் வருகிறது. ஜன்னல் கம்பியில் அது துருவாகத் தெரியும். ரேடியோ அலையின் பவரை அளக்கிறவனுக்குக் கனெக்டரின் உள்முனையில் படியும் மெல்லிய படலமாக வந்து சேரும். மீட்டரில் காரணம் சொல்ல முடியாத ஒரு இரண்டு சதவீதம் தொங்கும்.

அந்த இரண்டு சதவீதத்தைத் துரத்துவதுதான் என் பிழைப்பு. ஆர்.எஃப். பவர் மீட்டர், அதன் சென்சார், அட்டெனுவேட்டர், கப்ளர் ஆகியவற்றைத் தரமான கருவியோடு ஒப்பிட்டு, எந்த அலைவரிசையில் எவ்வளவு விலகுகிறது என்று எழுதிக் கொடுக்கும் வேலை. பொறியியல் கல்லூரிகளின் மைக்ரோவேவ் லேப்களிலிருந்து கருவிகள் வரும்; ரேடியோ சாதனம் செய்யும் சின்னக் கம்பெனிகளிலிருந்து வரும். எப்போதாவது கோவளம் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் வி.எச்.எஃப். செட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார். இத்தனை காலத்தில் நான் கற்றுக்கொண்டதில் பிரதானமானது இதுதான்: அளவுப் பிசகில் பெரும்பகுதி மீட்டர் பெட்டிக்குள் இருப்பதில்லை, கருவியும் கருவியும் சேரும் இணைப்பில் இருக்கிறது.

வீட்டு மின்சாரத்தில் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து பெருக்கினால் ஏறக்குறைய வாட் வந்துவிடும். ரேடியோ அலைவரிசையில் அந்தக் கணக்கு காலை வாரிவிடும். 1000 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் காற்றில் 30 சென்டிமீட்டர். லைனின் கடைசியில் அலை கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பினாலே போதும். ஓரிடத்தில் வோல்ட்டேஜ் உச்சத்தில் நிற்கும், ஏழரை சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால் அடிமட்டத்தில் கிடக்கும். எந்த இடத்தில் அளந்ததை நம்புவது? இழப்பு இல்லாத லைனில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மாறாமல் ஓடுவது பவர் ஒன்றுதான். ஆகவே பவரையே நேரடியாக அளக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பழைய, நேர்மையான வழி ஒன்று உண்டு: வருகிற அலை முழுவதையும் ஒரு சின்னஞ்சிறு பொருள் உறிஞ்சும்படி செய்து, அது எவ்வளவு சூடாகிறது என்று பார்ப்பது.

நான் தொழில் பழகிய மேசையில் ஹெச்.பி. 432ஏ மீட்டரும் 478ஏ தெர்மிஸ்டர் மவுண்ட்டும் இருந்தன. தெர்மிஸ்டர் சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். மீட்டருக்குள் உள்ள பிரிட்ஜ் சர்க்யூட் டி.சி. மின்சாரத்தை அனுப்பி அதை 200 ஓமிலேயே பிடித்து வைத்திருக்கும். ஆர்.எஃப். உள்ளே வந்ததும் சூடு கூடப் பார்க்கும். பிரிட்ஜ் அந்த அளவுக்கு டி.சி.யைக் குறைத்துக்கொண்டு மறுபடி 200 ஓமுக்கே கொண்டுவரும். ஒரு பக்கம் சரக்கு ஏற ஏற, அதே பக்கத்திலிருந்து படிக்கல்லை எடுத்து முள்ளை நடுவிலேயே நிறுத்தும் தராசு போன்றது இது. எடுத்த டி.சி. எவ்வளவோ, வந்த ஆர்.எஃப். அவ்வளவு. டி.சி.யை நல்ல வோல்ட் மீட்டர் மிக நுட்பமாக அளந்துவிடும் என்பதால், பிடிக்கு அகப்படாத ரேடியோ அலையின் கணக்கு வோல்ட், ஓம் கணக்காக இறங்கிவிடுகிறது.

கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மவுண்ட்டுக்குள் போகும் அலை முழுவதும் தெர்மிஸ்டருக்குப் போய்ச் சேர்வதில்லை. கொஞ்சம் வாசலிலேயே திரும்பிவிடும். கொஞ்சம் மவுண்ட்டின் சுவரைச் சூடாக்கி வீணாகும். சுவர் தின்ற பங்கைக் கண்டுபிடிக்க மவுண்ட்டையே ஒரு மைக்ரோகேலரிமீட்டருக்குள் வைத்து மொத்தச் சூட்டையும் அளக்க வேண்டும். நாட்டுக்கு நாடு தேசிய அளவியல் கூடங்கள் செய்யும் வேலை அது. நம் நாட்டில் அளவுச் சங்கிலியின் தலைக்கண்ணி டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 1947 ஜனவரி 4ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டு, 1950 ஜனவரி 21 அன்று திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் ராமனோடு நின்றவர் என்றுதான் பெரும்பாலோர் அவரை அறிவார்கள். டெல்லிக்குப் போனபிறகு அவர் ஈடுபட்ட ஆய்வுகளில் ஒன்று, மின்சாரத்தால் சூடேறும் கம்பியில் வெப்பநிலை எப்படிப் பரவி நிற்கிறது என்பது. சூட்டை வைத்துப் பவரை எடைபோடும் எங்களுக்கு அது அந்நியமான விஷயம் இல்லை.

தெர்மிஸ்டர் நிதானமானது, நம்பகமானது. ஆனால் 10 மில்லிவாட்டுக்கு மேல் அதனிடம் கேட்க முடியாது; அறையின் சூடு மாறினாலும் முள் நகர்ந்துவிடும். அதனால் அன்றாட வேலைக்கு 1970களில் தெர்மோகப்பிள் சென்சார்கள் வந்தன. ஹெச்.பி. 8481ஏ இன்னும் எத்தனையோ லேப்களில் ஓடிக்கொண்டிருக்கிறது: 10 மெகாஹெர்ட்ஸிலிருந்து 18 கிகாஹெர்ட்ஸ் வரை, 1 மைக்ரோவாட்டிலிருந்து 100 மில்லிவாட் வரை. இதில் டி.சி.யை மாற்றி வைக்கும் ஏற்பாடு கிடையாது. சூட்டுக்கேற்ற வோல்ட்டேஜை நேராகத் தரும்; ஒரு மில்லிவாட் வந்தால் சுமார் 160 மைக்ரோவோல்ட். ஆனால் அது சென்சாருக்குச் சென்சார் வேறுபடும், நாளாக நாளாக நகரும். அதனால்தான் மீட்டரின் முகப்பில் 50 மெகாஹெர்ட்ஸில் துல்லியமாக ஒரு மில்லிவாட் தரும் சின்ன ஆசிலேட்டரை வைத்தார்கள். பழைய 435ஏ, 436ஏ மீட்டர்களில் அந்த ஒரு மில்லிவாட்டின் பிசகு 0.7 சதவீதத்துக்குள் என்று கம்பெனி உறுதி சொன்னது.

இயக்கும் முறை எளிது. வரிசையில் ஒன்றைத் தாண்டினால்தான் தொல்லை. மீட்டரைப் போட்டு அரை மணி நேரம் சூடாக விட வேண்டும். பிறகு ஆர்.எஃப். வராத நிலையில் ஜீரோ. சென்சாரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீரோ செய்கிறவர்கள் உண்டு. 1 மைக்ரோவாட்டுக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் 160 நானோவோல்ட்தான் என்று தெரிந்தால் பிடிக்க மாட்டார்கள். உள்ளங்கைச் சூட்டுக்கே முள் நகரும். அடுத்து சென்சாரை அந்த ஒரு மில்லிவாட்டில் மாட்டி, மீட்டர் 1.000 காட்டும்படி திருப்ப வேண்டும். கடைசியாக, சென்சாரின் உடம்பில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து, அளக்கப்போகும் அலைவரிசைக்குரிய கேல் ஃபேக்டரைக் கொடுக்க வேண்டும். வாசலில் திரும்பியதையும் சுவர் தின்றதையும் சேர்த்துக் கட்டிய சதவீதம் அது. 10 கிகாஹெர்ட்ஸில் அளந்துவிட்டு, கேல் ஃபேக்டரை 50 மெகாஹெர்ட்ஸுக்குரிய நூறிலேயே விட்டுவைத்த ரெக்கார்ட் நோட்டுகள் கல்லூரிகளில் நிறையவே கிடைக்கும்.

இதுவரை சொன்னது பெட்டியின் கதை. இனிமேல்தான் இணைப்பு.

சோர்ஸிலிருந்து வரும் அலையில் கொஞ்சம் சென்சார் வாசலில் திரும்புகிறது. திரும்பியது சோர்ஸில் மோதி மறுபடி முன்னால் வருகிறது. அப்படி வருவது முதல் அலையோடு சேருமா, எதிர்த்துக் கழியுமா என்பது இடையில் உள்ள நீளத்தையும் அலையின் கட்டத்தையும் (ஃபேஸ்) பொறுத்தது. அது பொதுவாக நமக்குத் தெரியாது. அலை எவ்வளவு திரும்புகிறது என்பதைச் சொல்லும் எண் வி.எஸ்.டபிள்யூ.ஆர்.; எதுவும் திரும்பாவிட்டால் அது 1. சோர்ஸினுடையது 2, சென்சாருடையது 1.2 என்று வையுங்கள். இரண்டு நல்ல கருவிகள் சேர்ந்தும், அளவு 6 சதவீதம் மேலேயோ கீழேயோ போக இடம் இருக்கிறது. மீட்டரின் ஒரு மில்லிவாட் 0.7 சதவீதத்துக்குள் சுத்தம் என்று பெருமைப்படுகிறோம்; இணைப்பில் அதைப்போல எட்டு மடங்கு ஓடிப்போகிறது. நடுவில் வி.எஸ்.டபிள்யூ.ஆர். 1.1க்குள் உள்ள 10 டி.பி. அட்டெனுவேட்டர் ஒன்றை, அதாவது பவரைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பதைப் போட்டால், அந்த 6 சதவீதம் ஒன்றரைக்கு இறங்கிவிடும். திரும்பும் அலை போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அடி வாங்குகிறது. வெறும் மீட்டர் அளவை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

அடுத்தது திருகுதல். என்-டைப் கனெக்டரில் நட்டை மட்டும்தான் திருப்ப வேண்டும், சென்சாரின் உடம்பைத் திருப்பக் கூடாது. உடம்பு சுற்றினால் உள்முனை எதிர்முனையின் விரல்களை உரசிச் சுரண்டும். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு டார்க் ரெஞ்ச் இருக்கிறது. என்-டைப்புக்கு சுமார் 1.36 நியூட்டன் மீட்டர், 3.5 மில்லிமீட்டர் கனெக்டருக்கு 0.9. கைப்பலத்துக்கு அங்கே வேலை இல்லை. வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் வாரம் மீட்டரைத் தொட விடுவதில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பஞ்சு முனைக் குச்சியும் பூதக்கண்ணாடியும்தான். "சார், இது பார்க்க சுத்தமாத்தானே இருக்கு?" என்பான். "நீ போன வாரம் துடைச்சது தம்பி. நடுவுல ஏழு நாள் காத்து அடிச்சிருக்கு" என்பேன். பிறகு கேஜ் வைத்து உள்முனையின் ஆழம் பார்க்கச் சொல்வேன். முனை அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு ஆண் கனெக்டர், அன்று அதில் மாட்டப்படும் அத்தனை பெண் கனெக்டர்களையும் கெடுத்துவிடும்.

இணைப்பின் விளையாட்டை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் கடலோரம்தான் போக வேண்டும். ஒருமுறை கோவளத்துப் படகுக்காரர் ஒருவர் வந்தார். "சார், செட்டு நல்லாத்தான் பேசுது. தூரம் போயிட்டா கரைல இருக்கவனுக்குக் கேக்க மாட்டேங்குது. மூணு பேருகிட்ட காட்டிட்டேன், பவர் சரியா இருக்குங்கிறாங்க." கடல் வி.எச்.எஃப். செட்டின் முழு பவர் 25 வாட்; அவசர அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். இதற்கு ஆய்வகத்து மீட்டர் தேவையில்லை. பேர்ட் 43 போதும். 1950களிலிருந்து உலகம் முழுக்க ரேடியோ மெக்கானிக்குகள் கையில் இருக்கும் வாட்மீட்டர். லைனின் நடுவே மாட்டி, அதில் சொருகும் எலிமென்ட்டை அதன் அம்புக்குறி ஆன்டெனாவைப் பார்க்கும்படி வைத்தால் போகிற பவர். திருப்பி வைத்தால் திரும்புகிற பவர்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பேர்டின் துல்லியம் முழு அளவில் 5 சதவீதம். 50 வாட் எலிமென்ட் போட்டால் எங்கே முள் நின்றாலும் இரண்டரை வாட் பிசக இடம் உண்டு. 25 வாட் அளக்க அது பரவாயில்லை. திரும்பும் 1 வாட்டை அதே எலிமென்ட்டில் அளந்தால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை. திரும்புவதற்குச் சின்ன எலிமென்ட் போட வேண்டும். அவர் படகில் செட்டின் முதுகில் மாட்டிப் பார்த்தேன்: போவது 24 வாட், 5 வாட் எலிமென்ட்டுக்கு மாற்றினால் திரும்புவது 1 வாட். வி.எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றரைதான். எனக்கு முன்னால் பார்த்தவர்கள் சரியாக இருக்கிறது என்று சொன்னதில் தப்பே இல்லை, மீட்டர் அப்படித்தான் காட்டியது.

மீட்டரை எடுத்துக்கொண்டு கம்பத்தின் உச்சிக்கு, ஆன்டெனாவின் காலடிக்குப் போனதும் கதை மாறியது. அங்கே வந்து சேர்வது 9 வாட். அதிலும் 2.7 வாட் ஆன்டெனாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. காற்றுக்குப் போவது 6 வாட்டும் கொஞ்சமும். கேபிளின் செப்புப் பின்னலுக்குள் உப்புத் தண்ணீர் ஏறி, பவரில் பெரும்பகுதியை அதுவே தின்றுகொண்டிருந்தது. ஆன்டெனாவிலிருந்து திரும்பியதையும் வழியிலேயே தின்றுவிட்டதால், கீழே செட்டின் பக்கம் எல்லாம் அழகாகத் தெரிந்தது. கெட்ட கேபிள் கெட்ட ஆன்டெனாவை மூடி மறைத்துவிடும். மேலே பி.எல்.-259 கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. கேபிளை மாற்றி, புதுக் கனெக்டரைச் சால்டர் செய்து, மழை புகாத டேப்பை நெருக்கிச் சுற்றிக் கொடுத்தோம். அங்கே பேர்டின் 5 சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. இரண்டு முனையிலும் அளக்க வேண்டும் என்ற யோசனைதான் வேலையை முடித்தது.

பவர் அதிகமாகி சென்சார் கருகுவது எதிர்ப்பக்கத்துத் துயரம். 8481ஏ தாங்குவது சராசரியாக 300 மில்லிவாட். 5 வாட் வாக்கி டாக்கியை நேராக அதில் மாட்டிவிட்டு, "ஜீரோவே வர மாட்டேங்குது சார்" என்று கொண்டு வந்த கல்லூரிகள் உண்டு. பழைய மீட்டர் பெட்டியைச் சென்னை ரிச்சி தெருவில் அலைந்தால் பிடித்துவிடலாம். நல்ல சென்சார் அவ்வளவு சுலபமாக அகப்படாது. மாட்டுவதற்கு முன் காகிதத்தில் ஒரு வரி எழுதினால் போதும்: ஒரு மில்லிவாட்டிலிருந்து எண்ணும் டெசிபல் கணக்கில் 5 வாட் என்பது 37 டி.பி.எம்.; நடுவே 30 டி.பி. போட்டால் 7 டி.பி.எம்., அதாவது 5 மில்லிவாட். அந்த அட்டெனுவேட்டர் 10 வாட்டாவது தாங்குவதாக இருக்க வேண்டும். அதன் உண்மையான மதிப்பையும் அளந்து வைத்திருக்க வேண்டும். 30 என்று அச்சடித்தது 29.9 ஆக இருந்தால் அந்த 0.1 டி.பி. மட்டுமே 2.3 சதவீதம்.

டையோடு சென்சார்களில் இன்னொரு கண்ணி. மிகச் சின்ன பவரை அவை பிடிக்கும். ஆனால் 10 மைக்ரோவாட்டுக்குக் கீழேதான் அவற்றின் வோல்ட்டேஜ் பவரோடு நேர்விகிதத்தில் போகும். அதற்கு மேலே மீட்டர் உள்ளுக்குள் திருத்திக் காட்டும். அந்தத் திருத்தம் நிலையான ஒற்றை அலைக்குப் போட்டது. 4ஜி, 5ஜி சிக்னல்கள் நிலையாக இருப்பவை அல்ல. சராசரியைவிடப் பத்து மடங்குக்கு மேலும் உச்சிகள் எகிறும். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளுக்கு இதில் குழப்பமில்லை, மொத்தச் சூட்டைச் சொல்லிவிடும். சாதாரண டையோடு தடுமாறும். ரேடாரில் இது வேறு மாதிரி: நொடிக்கு ஆயிரம் துடிப்பு, ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோநொடி என்றால், மீட்டர் காட்டும் ஒரு வாட் சராசரிக்குப் பின்னால் ஒரு கிலோவாட் உச்சம் ஒளிந்திருக்கிறது. எந்த சிக்னலை அளக்கிறோம் என்று கேட்காமல் சென்சாரைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

ஒரு சென்சாரைக் கேலிப்ரேட் செய்வது இப்படி. சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து வருவதை இரண்டு ரெசிஸ்டர் கொண்ட பவர் ஸ்பிளிட்டரில் பிரிக்கிறோம். ஒரு கிளையில் காவலுக்கு ஒரு சென்சார் நிரந்தரமாக நிற்கும். மற்றதில் முதலில் எங்கள் ஸ்டாண்டர்ட் சென்சார், பிறகு வாடிக்கையாளருடையது. காவல் சென்சாரோடு உள்ள விகிதத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதால் ஜெனரேட்டர் ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லை. சோர்ஸிலிருந்து திரும்பும் அலையின் தொல்லையும் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு சென்சாரையும் கழற்றி, 120 பாகை திருப்பி, மறுபடி மாட்டி அளப்போம். மூன்று நிலையிலும் எண் ஒத்துப்போனால் கனெக்டர் ஆரோக்கியம். சிதறினால் மேற்கொண்டு அளப்பதில் பயனில்லை. ஆல்கஹால் பாட்டிலைத் தேட வேண்டியதுதான். எங்கள் ஸ்டாண்டர்டும் குறித்த காலத்தில் மேலேயுள்ள கூடத்துக்குப் போய்வரும். அவர்களுடையது அதற்கும் மேலே. இப்படிக் கண்ணி கண்ணியாக டெல்லிவரை போகும். கீழே இறங்க இறங்க ஐயப்பாடு கூடிக்கொண்டேதான் வரும், குறையவே குறையாது.

அந்த ஐயப்பாட்டைத் தாளில் எழுதித் தருவதுதான் எங்கள் கடமை. 10 கிகாஹெர்ட்ஸில் கேல் ஃபேக்டர் 96 சதவீதம், இரண்டு பக்கமும் 2 சதவீதம், 95 சதவீத நம்பிக்கையில், என்று. வருகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. "ஆடிட் வருது சார், சரி பண்ணி ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துருங்க. அடுத்த டியூ டேட் போட்ருங்க." விலகலைக் கண்டு சொல்வது ஒரு வேலை, திருகித் திருத்துவது வேறு வேலை என்று விளக்க வேண்டும். திருத்தினால் திருத்துவதற்கு முன்னால் இருந்த எண்ணையும் தர வேண்டும். அது இல்லாமல் கடந்த வருஷம் அவர்கள் அளந்ததெல்லாம் எவ்வளவு சரி என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்த தேதியை நாங்களாகப் போடக் கூடாது என்று ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையே சொல்கிறது; வாடிக்கையாளர் கேட்டு ஒப்புக்கொண்டால் ஒழிய. கருவி எவ்வளவு உழைக்கிறது, எங்கே இருக்கிறது என்பது சொந்தக்காரருக்குத்தானே தெரியும். பழைய சான்றிதழ்களைத் தூக்கிப் போடாமல், ஒவ்வொரு வருஷத்து எண்ணையும் ஒரே வரைதாளில் குறித்துவரச் சொல்வேன். எண் நகரும் வேகம் தெரிந்தால் தேதி தானாகத் தெரியும். குளிரூட்டிய அறையில் மூடி போட்டு வைத்த சென்சாருக்கும், ஜன்னல் திறந்த லேபில் மூடியில்லாமல் கிடக்கும் சென்சாருக்கும் ஒரே தேதி போடுவதில் நியாயமில்லை.

அலைவரிசை இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. 2022இல் நம் நாட்டில் 5ஜிக்கு 3300 மெகாஹெர்ட்ஸோடு 26 கிகாஹெர்ட்ஸையும் ஏலம் விட்டார்கள். என்-டைப் கனெக்டரின் ஆட்டம் 18 கிகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். அதற்கு மேல் 3.5, 2.92 மில்லிமீட்டர் என்று சிறுத்துக்கொண்டே போகும். கனெக்டர் சிறுக்கச் சிறுக்க ஒரு துளி அழுக்கு, ஒரு கீறல், ஒரு சுற்று கூடுதல் இறுக்கம் எல்லாமே பெரிய எண்ணாகிவிடும். புதிய மீட்டர் வாங்க ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் எந்த மாடல் என்றுதான் தொடங்குவார்கள். நான் முதலில் கேட்பது மூன்று: எந்த சிக்னல், எத்தனை சதவீதம் வரை தப்பினால் உங்கள் வேலை கெடாது, கனெக்டரைத் துடைக்கப்போவது யார்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால், விலை உயர்ந்த மாடலுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து டார்க் ரெஞ்ச், கேஜ், நல்ல அட்டெனுவேட்டர், கனெக்டர் மூடிகள் வாங்கச் சொல்லி அனுப்புவேன். பழைய மீட்டரே இன்னும் பல வருஷம் சரியாக அளக்கும்.